வலிக்காத காது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், காதுக்கென்று தனியாக வைத்தியம் பார்ப்பவர்களைச் சக மருத்துவர்களே பாதி போலிகளாகத்தான் நினைத்தார்கள். காதுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வசதி குறைவு. பார்த்தாலும் செய்வதற்கு அதிகம் இல்லை. இந்தத் துறைக்கு ஒழுங்கும் மரியாதையும் தேடிக்கொடுத்த சிலரில் அயர்லாந்தின் வில்லியம் வைல்ட் முக்கியமானவர். டப்ளினில் 1844-ல் கண், காது நோய்களுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். 1853-ல் காது அறுவை மருத்துவம் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். காதுக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்படும் மாஸ்டாய்டு எலும்பில் சீழ் கோத்துக்கொண்டால், தோலை எலும்பு வரைக்கும் கீறி வடியவிடும் முறைக்கு ‘வைல்ட் கீறல்’ என்றே பெயர். சீழ் வடியும் காதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள், அது எங்கே போய் நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது என்று எச்சரித்தவரும் அவர்தான்.

அவருடைய மகன் நாடகாசிரியர் ஆஸ்கார் வைல்ட். 1895-ல் இரண்டு வருடக் கடுங்காவல் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார். அடுத்த வருடம் ரெடிங் சிறையிலிருந்து உள்துறை அமைச்சருக்கு அனுப்பிய மனுவில், வலது காதின் செவிப்பறை ஓட்டையாகிவிட்டது, அந்தக் காது அநேகமாகக் கேட்கவே இல்லை, உருப்படியான சிகிச்சையும் கிடைக்கவில்லை என்று முறையிட்டார். விடுதலைக்குப் பிறகும் காது ஆறவில்லை. 1900 அக்டோபர் 10 அன்று பாரிஸில், தங்கியிருந்த விடுதி அறையிலேயே அவருக்குக் காதில் அறுவை நடந்தது. ஏழு வாரம் கழித்து, நவம்பர் 30 அன்று, 46 வயதில் இறந்துபோனார். பால்வினை நோய்தான் காரணம் என்று வெகுகாலம் பேசப்பட்டது. 2000-ல் லான்செட் மருத்துவ இதழில் ஆஷ்லி ராபின்ஸ், ஷான் செல்லர்ஸ் என்ற இரு மருத்துவர்கள் பழைய குறிப்புகளை அலசி, நடுச்செவியில் இருந்த நாள்பட்ட சீழ் நோய் மூளைக்கும் மூளையுறைக்கும் பரவியதால்தான் அவர் இறந்தார் என்று வாதிட்டார்கள்.

காது வைத்தியரின் மகன் காது நோயால் போனார் என்பதை விதியின் கேலி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அன்றைக்குப் பென்சிலின் கிடையாது. நுண்ணோக்கி வைத்துச் செய்யும் காது அறுவையும் கிடையாது. இன்று அதே நோயோடு வருகிறவருக்கு இரண்டும் கிடைக்கின்றன. அவர் நேரத்தோடு வருவதுதான் இன்றும் நடப்பதில்லை.

ஏன் வருவதில்லை என்றால், வலிக்கவில்லை. அதுதான் காரணம்.

காதைப் பொறுத்தவரை வலியை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ராத்திரி முழுக்க ஆளை உட்காரவைத்து அழவைக்கிற காது, பல நேரம் மூன்று நாளில் தானாகவே ஆறிவிடும். துளிகூட வலிக்காத காது உள்ளே எலும்பை அரித்துக்கொண்டிருக்கலாம். ஒரே இரவில் கேட்கும் திறனை இழந்தும் இருக்கலாம். கோளாறு நம் கவனத்தில் இல்லை, காது கட்டப்பட்டிருக்கும் விதம் அப்படி. துளையிலிருந்து செவிப்பறை வரைக்கும் பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதில் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, மிச்சம் எலும்பு. அந்த எலும்பின்மேல் தோல் கொழுப்புப் படலம் எதுவும் இல்லாமல் ஒட்டிக்கிடக்கிறது. அங்கே வீக்கம் வந்தால் விரிவதற்கு இடமில்லை. கடுகளவு கொப்புளம்கூட உயிரை வாங்குவது அதனால்தான். செவிப்பறைக்குப் பின்னால் சீழ் சேர்ந்து அது விறைத்து உப்பும்போதும் வலி உச்சத்துக்குப் போகும். ஆனால் பறை கிழிந்து சீழ் வெளியே வந்துவிட்டால் வலி சட்டென்று அடங்கிவிடும். நோயாளி தூங்கிவிடுவார், வீட்டில் இருப்பவர்களும் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். உட்செவியோ இன்னும் மோசம். ஒலியை நரம்புச் சைகையாக மாற்றும் மயிரிழைச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. அவை சாகும்போது வலிப்பதில்லை. மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதும் இல்லை.

அதிகம் கவலைப்படத் தேவையில்லாத இடத்திலிருந்து தொடங்கலாம். குறும்பி.

குறும்பியை அழுக்கு என்று நினைக்கும் பழக்கம் ஊருக்கே இருக்கிறது. அது தோல் சுரக்கும் எண்ணெயும் உதிர்ந்த தோல் செல்களும் கலந்த பூச்சு. லேசான அமிலத்தன்மை உள்ளது. கிருமியும் பூஞ்சையும் வளர விடாது, தண்ணீரும் ஒட்டாது. அதை வெளியேற்றக் காதிடமே ஓர் ஏற்பாடு உண்டு. உடம்பின் மற்ற இடங்களில் தோல் அடியிலிருந்து மேலே வளர்ந்து உதிரும். காதுத் துளையிலோ அது செவிப்பறையின் நடுவிலிருந்து வெளிவாசலை நோக்கிப் பக்கவாட்டில் ஊர்கிறது. நகம் வளரும் வேகம்தான். தாடை அசையும்போது குறும்பி தளர்ந்து, இந்த ஊர்வலத்தோடு சேர்ந்து தானாக வெளியே வந்து விழுகிறது. சிலருக்கு அது ஈரமாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். சிலருக்குக் காய்ந்து பொடிப்பொடியாக இருக்கும். இது சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. ஏபிசிசி11 என்ற ஒற்றை மரபணுவில் உள்ள ஓர் எழுத்து மாற்றம்தான் இதைத் தீர்மானிக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-ல் கண்டுபிடித்தார்கள். சீனா, ஜப்பான், கொரியா பக்கம் காய்ந்த வகைதான் அதிகம்.

இந்த ஏற்பாட்டைக் கெடுக்கிற பொருள் ஒன்று கிட்டத்தட்ட எல்லா வீட்டுக் குளியலறையிலும் இருக்கிறது. 1920களில் லியோ கெர்ஸ்டன்ஸாங் என்ற அமெரிக்கர், மனைவி பல்குச்சியில் பஞ்சைச் சுற்றிக் குழந்தையைச் சுத்தம் செய்வதைப் பார்த்து, அதையே தயாரித்து விற்க ஆரம்பித்தார். இன்று பட்ஸ் என்கிறோம். காதுத் துளைக்குள் விடாதீர்கள் என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கும் கம்பெனிகள் உண்டு, படிப்பவர்கள்தான் இல்லை. பட்ஸ் எடுக்கும் குறும்பியைவிட உள்ளே தள்ளும் குறும்பி அதிகம். பஞ்சின் நுனியில் கொஞ்சம் பழுப்பு ஒட்டியிருப்பதைப் பார்த்து மனம் திருப்திப்படும்; மிச்சம் செவிப்பறைக்குப் பக்கத்தில் கெட்டியாக அமுங்கியிருக்கும். ஹேர்பின், ஊக்கு, தீக்குச்சி, சாவி, பேனா மூடி என்று மற்ற ஆயுதங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்படி அமுங்கிய குறும்பி சும்மா கிடக்கும்வரை தெரியாது. ஒரு நாள் தலைக்குக் குளிக்கும்போது தண்ணீர் இறங்கி, அது ஊறி உப்பி, ‘காது டப்பென்று அடைத்துக்கொண்டது’ என்று ஆள் பதறிப்போவார். இதற்குப் பொறுமை போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் குறும்பி கரைக்கும் சொட்டு மருந்தை மூன்று முதல் ஐந்து நாள் விட்டால் பெரும்பாலும் இளகிவிடும், இளகாவிட்டால் இ.என்.டி. டாக்டர் உறிஞ்சு குழாய் வைத்து எடுத்துவிடுவார். ஏற்கெனவே செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களும், காதில் அறுவை செய்துகொண்டவர்களும் சொட்டு மருந்தையோ தண்ணீர் பீய்ச்சுவதையோ தாங்களாகச் செய்யக் கூடாது. மெழுகுவர்த்திபோல ஒன்றைக் காதில் செருகிக் கொளுத்தினால் அழுக்கை இழுக்கும் என்று விற்கிறார்கள்; அது எதையும் இழுப்பதில்லை என்று அளந்தே பார்த்துவிட்டார்கள். சுட்டுக்கொண்டவர்கள்தான் உண்டு.

காதில் எண்ணெய் விடும் விஷயத்தில் பாட்டிகளை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. குறும்பியை இளக்க ஆலிவ் எண்ணெயை மேற்கத்திய மருத்துவர்களே பரிந்துரைக்கிறார்கள். பறை நன்றாக இருக்கும் காதில், உடல் சூட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் பெரிய கெடுதல் செய்யாது. பிரச்சினை வேறு. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூடு ஆறுவதற்குள் ஊற்றினால் அந்த மெல்லிய தோல் வெந்துபோகும். வலிக்கிற காதுக்குள் பறை கிழிந்திருக்கிறதா இல்லையா என்று ஊற்றுபவருக்குத் தெரியாது; கிழிந்திருந்தால் எண்ணெய் நேரே நடுச்செவிக்குப் போகும். வியர்வையும் ஈரமும் குறையாத சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் எண்ணெய் விட்டு ஊறிய காது பூஞ்சைக்கு நல்ல இருப்பிடம்.

பூஞ்சை வந்த காதில் முதலில் அரிப்பு. அதுவும் சொறிந்தால் இன்னும் சொறியச் சொல்லும் அரிப்பு. பிறகு அடைப்பு, நீர்க் கசிவு, கடைசியில் வலி. டாக்டர் கருவி வைத்துப் பார்த்தால் நனைந்த செய்தித்தாளைக் கசக்கி அடைத்ததுபோலச் சாம்பல் நிறத்தில் ஒரு திரள் இருக்கும், மேலே கரும்புள்ளிகளோடு. அந்தப் புள்ளிகள் அஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையின் வித்துகள். பாக்டீரியா தொற்றும் இதே துளையில்தான் வரும். நீச்சல் குளத்துக்குப் போகிறவர்களுக்கும், காது குடைபவர்களுக்கும் அதிகம். இரண்டுக்கும் மருந்து வேறு. பூஞ்சை உள்ள காதில் கடைக்காரர் கொடுத்த ஆன்டிபயாடிக் சொட்டை வாரக்கணக்கில் விட்டால் பூஞ்சை கொழுக்கும். வலி வெளிக்காதிலிருந்து வருகிறதா, பறைக்குப் பின்னாலிருந்து வருகிறதா என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. காது மடலை மெல்ல இழுத்தாலோ, துளைக்கு முன்னால் இருக்கும் சிறிய குருத்தை அழுத்தினாலோ வலி கூடினால் பெரும்பாலும் வெளிக்காதுத் தொற்றுதான். டாக்டர் உள்ளே சுத்தம் செய்து சரியான சொட்டு மருந்து கொடுத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். பலருக்கு மாத்திரையே தேவைப்படுவதில்லை. அதுவரை குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு வைத்துக்கொண்டால் போதும்.

இந்த ஆறுதல் ஒரு கூட்டத்துக்குப் பொருந்தாது. சர்க்கரை நோய் உள்ள முதியவர்கள். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இவர்களுக்கு வெளிக்காதுத் தோலோடு நிற்காமல் அடியிலுள்ள எலும்புக்குள் இறங்கி, மண்டையோட்டின் அடித்தளத்தையே அரிக்கக்கூடும். 1968-ல் சாண்ட்லர் என்ற அமெரிக்க மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். அடையாளம் இதுதான்: பார்ப்பதற்குக் காது அவ்வளவு மோசமாகத் தெரியாது, ஆனால் வலி அதற்குச் சம்பந்தமே இல்லாத அளவில் இருக்கும். இரவில் கூடும், தூக்கத்தைக் கெடுக்கும், சாதாரண வலி மாத்திரைக்கு மசியாது. நாள் தள்ளினால் முக நரம்பு பாதித்து வாய் ஒருபக்கம் கோணும். வாரக்கணக்கில் வலுவான ஆன்டிபயாடிக் வேண்டியிருக்கும். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. ஆகவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் தாத்தா ‘காது வலி தூங்கவிடல’ என்று சொன்னால், அது எண்ணெய் காய்ச்ச வேண்டிய நேரமில்லை.

குழந்தைகளின் காது வலி வேறு ரகம். நடுச்செவியையும் மூக்கின் பின்பகுதியையும் இணைக்கும் குழாய் ஒன்று உண்டு. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்றியலாளர் பார்த்தொலொமியோ யூஸ்டாக்கியின் பெயரால் யூஸ்டேஷியன் குழாய் எனப்படுகிறது. கொட்டாவி விடும்போதும் விழுங்கும்போதும் திறந்து, செவிப்பறையின் இரு பக்கமும் காற்றழுத்தத்தைச் சமமாக்குவது அதன் வேலை. விமானம் இறங்கும்போது மிட்டாய் சப்பச் சொல்வதும் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். பெரியவர்களுக்கு இந்தக் குழாய் நீளமாக, சரிவாக இருக்கும். குழந்தைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் இருக்கும். சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொள்ளும், மூக்கிலுள்ள கிருமியும் எளிதில் ஏறிப்போகும். பள்ளிக்கூடம் போவதற்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு தடவையாவது நடுச்செவித் தொற்று வந்துபோவதன் காரணம் இது. படுக்கவைத்துப் பாட்டிலில் பால் புகட்டுவதும், வீட்டுக்குள் அப்பா சிகரெட் பிடிப்பதும் அந்த வாய்ப்பைக் கூட்டுகின்றன.

ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழும்போது ஆன்டிபயாடிக் பற்றித்தான் எல்லோருக்கும் நினைப்பு வரும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட, மற்றபடி நல்ல ஆரோக்கியமுள்ள குழந்தைக்கு, ஒரு காதில் மட்டும் மிதமான தொற்று என்றால், பாரசிட்டமால் கொடுத்து இரண்டு மூன்று நாள் கண்காணிக்கலாம் என்பதே இன்றைய மருத்துவ நடைமுறை. பெரும்பாலானவை அதற்குள் தணிந்துவிடும். ஆனால் ஆறு மாதத்துக்கும் குறைந்த குழந்தை, அடங்காத காய்ச்சல், காதிலிருந்து சீழ், மூன்றாம் நாளும் குறையாத வலி ஆகியவை காத்திருக்கும் விஷயங்கள் அல்ல. காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து, மடல் முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றால் அன்றைக்கே மருத்துவமனை. சீழ் மாஸ்டாய்டு எலும்புக்குப் போய்விட்டது என்று அர்த்தம். வில்லியம் வைல்ட் கத்தியை எடுத்தது இந்தக் காட்சியைப் பார்த்துத்தான். நடுச்செவித் தொற்றுகளில் கணிசமானவற்றுக்குக் காரணமான நிமோகாக்கஸ் கிருமிக்குத் தடுப்பூசி உண்டு. இந்தியாவில் 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021 முதல் நாடு முழுக்க அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாகப் போடுகிறார்கள்.

வலி போன பிறகு சில குழந்தைகளுக்குப் பறைக்குப் பின்னால் பிசின்போன்ற நீர் தங்கிவிடும். காய்ச்சல் இல்லை, அழுகை இல்லை. டிவியின் சத்தத்தைக் கூட்டுவான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வகுப்பில் டீச்சர் ‘கவனமே இல்லை’ என்று டைரியில் எழுதி அனுப்புவார். வீட்டில் அடி விழும். மூன்று மாதத்துக்குள் இந்த நீர் தானாக வற்றுவதே வழக்கம். வற்றாவிட்டால் கேட்கும் திறனைச் சோதித்து, தேவையானால் பறையில் மிகச் சிறிய குழாய் ஒன்றைச் செருகுவார்கள். படிப்பில் திடீரென்று பின்தங்கிய குழந்தையை டியூஷனில் சேர்ப்பதற்கு முன் காதைச் சோதிப்பது செலவு குறைந்த யோசனை. பெரியவர்களுக்கு, சளி எதுவும் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் இப்படி நீர் தங்கினால் மூக்கின் பின்புறத்தில் கட்டி ஏதும் குழாயை அடைக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

இனி ஒழுகும் காது. ‘சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான், மழைக்காலத்துல கொஞ்சம் வடியும்’ என்று சொல்லி, காதில் ஒரு துண்டுப் பஞ்சோடு நாற்பது வருடம் வாழ்ந்துவிடுபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் காது ஒழுகினால் உலக சுகாதார நிறுவனம் அதை நாள்பட்ட நோய்க் கணக்கில் சேர்க்கிறது. இதில் இரண்டு வகை. முதல் வகையில் பறையின் நடுவில் ஓட்டை. சளி பிடிக்கும்போதும் தண்ணீர் போகும்போதும் வழுவழுவென்று, பெரிதாக நாற்றமில்லாமல் ஒழுகும். இதனால் உயிருக்கு ஆபத்து அபூர்வம், கேட்கும் திறன்தான் குறையும். காதுக்கு மேலே இருக்கும் தசையின் உறையிலிருந்து ஒரு சிறு துண்டெடுத்து ஓட்டையை அடைக்கும் அறுவை 1950களிலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அது அன்றாட வேலை.

இரண்டாவது வகைக்குக் கோலஸ்டியடோமா என்று பெயர். பறையின் மேல்பகுதி உள்ளே இழுபட்டுப் பையாகி, அதில் தோல் செல்கள் உதிர்ந்து உதிர்ந்து சேர்ந்து உருண்டையாகின்றன. புற்றுநோய் இல்லை, ஆனாலும் வளரும், வளரும் வழியிலுள்ள எலும்பை அரிக்கும். முதலில் மூன்று குட்டி எலும்புகள். பிறகு சமநிலை உறுப்பு, முக நரம்பின் எலும்புக் குழல், கடைசியாக மூளைக்கும் காதுக்கும் நடுவிலுள்ள மெல்லிய எலும்புத் தட்டு. லான்செட் கட்டுரையாளர்கள் ஆஸ்கார் வைல்டுக்கு இருந்திருக்கும் என்று கருதியது இதைத்தான். இவ்வளவும் நடக்கும்போது நோயாளி கவனிப்பது ஒன்றுதான்: நாற்றம். கொஞ்சமாகத்தான் வடியும், ஆனால் பக்கத்தில் உட்காருபவர் முகம் சுளிக்கும் அளவு நாறும். சொட்டு மருந்தால் நாற்றம் ஒரு வாரம் குறையும், பையோ இருந்த இடத்தில் இருக்கும். அறுவை ஒன்றே வழி. ஒழுகும் காதோடு தலைவலி, காய்ச்சல், தலைச்சுற்றல், முகம் கோணுதல், குழப்பமான பேச்சு என்று எது சேர்ந்தாலும் மறுநாளைக்குத் தள்ளக் கூடாது.

சத்தமே இல்லாமல் வரும் அவசரம் இன்னொன்று உண்டு. காலையில் எழுந்ததும் வழக்கமாக வைக்கும் காதில் போனை வைத்தால் எதிர்முனைக் குரல் கேட்கவில்லை. மறு காதில் நன்றாகக் கேட்கிறது. வலி கிடையாது, லேசாக இரைச்சல், சிலருக்குக் கிறுகிறுப்பு. சளி அடைப்பு, குறும்பி என்று நினைத்து ஒரு வாரம் ஓடிவிடும். மூன்று நாளுக்குள் திடீரென்று வந்துவிடும் உட்செவிச் செவிடு இது. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் பிடிபடுவதில்லை. சிலருக்குத் தானாகவே திரும்பக் கேட்கிறது, எல்லோருக்கும் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையாகவோ செவிப்பறை வழியே ஊசியாகவோ கொடுக்கப்படுகிறது. முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம், முதல் சில நாளுக்குள் என்றால் இன்னும் நல்லது. தமிழ்நாட்டில் மாரடைப்புக்கு ஓடத் தெரிந்தவர்கள் இதற்கு ஓடுவதில்லை. ‘காதுதானே’ என்ற சொல் பல காதுகளை வாங்கியிருக்கிறது.

அடைப்பா, நரம்பா என்று வீட்டில் ஊகிக்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனக வேண்டும். மந்தமான காதுப் பக்கம் முனகல் பெரிதாகக் கேட்டால் குறும்பியோ நீரோ அடைத்திருக்கலாம். நல்ல காதுப் பக்கம் பெரிதாகக் கேட்டால் உட்செவியோ நரம்போ பாதித்திருக்கும் வாய்ப்பு அதிகம். டாக்டர் இதையே இசைக்கவையை நெற்றியில் வைத்துச் சோதிப்பார். முனகல் சோதனை முடிவு எதுவாக இருந்தாலும் அன்றைக்கே இ.என்.டி. டாக்டரைப் பார்ப்பதுதான் சரி. நல்ல காதுப் பக்கம் கேட்டால் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோவிலேயே போகலாம்.

காது நன்றாக இருந்தும் காது வலிப்பது மற்றொரு புதிர். காதுக்கு வரும் நரம்புகள் பல்லுக்கும் தாடை மூட்டுக்கும் டான்சிலுக்கும் தொண்டைக்கும் கிளை விட்டிருக்கின்றன. அங்கே நடக்கும் கோளாற்றை மூளை காதின் கணக்கில் எழுதிவிடுகிறது. டான்சில் அறுவை முடிந்த குழந்தை காது வலி என்று அழுவதும், சொத்தைக் கடைவாய்ப் பல் காதில் குத்துவதும் இப்படித்தான். ஐம்பது வயதுக்கு மேல், புகையிலை பழக்கமுள்ளவருக்கு, ஒரு பக்கக் காது வலி வாரக்கணக்கில் நீடித்து, காதைப் பார்த்த டாக்டர் ‘காதுல ஒண்ணுமில்ல’ என்று சொன்னால் அங்கேயே நிம்மதி அடைந்துவிடக் கூடாது. நாக்கின் அடியிலும் தொண்டையிலும் உருவாகும் புற்றுநோய் சில சமயம் முதலில் தலைகாட்டுவது காது வலியாகத்தான். விழுங்கக் கஷ்டம், குரல் மாற்றம், கழுத்தில் கட்டி கூடவே இருந்தால் தொண்டைக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

காதில் எறும்போ பூச்சியோ புகுந்து துள்ளினால் முதலில் கொஞ்சம் எண்ணெய் விட்டு அதை அடக்கலாம். எண்ணெய்க்கு நியாயமான வேலைகளில் இதுவும் ஒன்று. குழந்தை போட்டுக்கொண்டது கடலையோ பட்டாணியோ என்றால் தண்ணீர் விடக் கூடாது, ஊறிப் பருத்துவிடும். பொம்மையிலிருந்து கழன்ற பொத்தான் பேட்டரி என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. அது காதின் ஈரத்தில் மின்னோட்டம் பாய்ச்சிக் காரத்தை உண்டாக்கித் தோலையும் பறையையும் சில மணி நேரத்தில் பொசுக்கிவிடும். சொட்டு மருந்து எதுவும் அதன்மேல் விடக் கூடாது.

பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு எதுவும் வலிப்பதில்லை, அது யாரிடமும் சொல்லப்போவதும் இல்லை. முகம் பார்த்துச் சிரிக்கும், மழலையாக ஓசை எழுப்பும்; கதவு அறையும் அதிர்வுக்குத் திரும்பும். ஒன்றரை வயதாகியும் பேச்சு வராதபோதுதான் சந்தேகமே தொடங்கும். 1978-ல் டேவிட் கெம்ப் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் வினோதமான ஒன்றைக் கண்டார்: ஆரோக்கியமான உட்செவி ஒலியைக் கேட்பதோடு நிற்காமல், பதிலுக்குத் தானும் மிக மெல்லிய ஒலி எழுப்புகிறது. இன்று பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் சோதனை அதைத்தான் பயன்படுத்துகிறது. தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து டிக் டிக் ஒலி அனுப்பி, எதிரொலி வருகிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை. முதல் மாதத்துக்குள் இந்தச் சோதனை, தேறாவிட்டால் மூன்றாம் மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறாம் மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கு. சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்ட பெற்றோர், குறைப் பிரசவம், பச்சிளம் பருவத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை என்றிருக்கும் குடும்பங்கள் கேட்டு வாங்கியாவது இதைச் செய்துகொள்ள வேண்டும். காதுக் கருவியால் பயனில்லாத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் அறுவையைத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயது வரை இலவசமாகச் செய்கிறார்கள். மூளையில் பேச்சைப் பழகும் பகுதி ஒலிக்காகக் காத்திருக்கும் காலம் குறுகியது என்பதால், ஐந்தே முக்கால் வயதில் வருவதைவிட ஒரு வயதில் வந்த குழந்தைக்கே அறுவையின் முழுப் பலன் கிடைக்கிறது. அதற்குப் பிறகும் ஒரு வருடமாவது அம்மாவோ அப்பாவோ கூட உட்கார்ந்து பேச்சுப் பயிற்சிக்கு வந்துபோக வேண்டியிருக்கும்.